அடித்த நம்பர் திரும்ப வராது

1994-ல் எனக்கு இருபத்து நான்கு வயது. திருச்சி ரயில்வே பயிற்சிப் பள்ளியில் தேறி, உதவி ஸ்டேஷன் மாஸ்டராக முதல் போஸ்டிங் வந்தது. விருதுநகர் – தென்காசி மீட்டர் கேஜ் பாதையில், கரிசல் காட்டுக்கு நடுவே ஒரு சின்ன ஸ்டேஷன். பெயர் வேண்டாம். சரளைக்கல் பிளாட்பாரம், ஒரு வேப்பமரம், ஓடாத எடை மிஷின், பின்னால் நான்கு குவார்ட்டர்ஸ். பிள்ளைகள் படிப்புக்காக எல்லோரும் குடும்பத்தை டவுனில் வைத்திருந்தார்கள். ஆள் புழங்கிய வீடுகள் இரண்டுதான். ஒன்று என்னுடையது. இன்னொன்றில், வண்டிக்குத் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் அண்ணனும் அவருடைய எட்டு வயது மகனும் இருந்தார்கள். பையனுக்கு அம்மா இல்லை. ஏன் இல்லை என்று முதல் ஆறு மாதம் எனக்குக் கேட்கத் தோன்றவேயில்லை. அப்போது நான் அப்படிப்பட்ட ஆள்.

சின்ன ஸ்டேஷன் என்பதால் பன்னிரண்டு மணி நேர டூட்டி. வண்டி குறைவு, அதனால் வேலையும் குறைவு என்று மேலே கணக்கு. ரெஸ்ட் வந்தால் அழுக்குத் துணி மூட்டையோடு அம்மாவிடம் ஓடுவேன், இல்லையென்றால் ராஜபாளையத்தில் சினிமா. நான் போய் மாற்றிவிட வேண்டிய மாஸ்டர் ரிஜிஸ்டரை மூடிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று தெரிந்தும் அரை மணி, முக்கால் மணி தாமதமாகத்தான் போவேன். அவர் நாற்பதைத் தாண்டியவர், டவுனிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். ஒன்றும் சொல்லமாட்டார். சொல்லாததால் அவருக்கு வருத்தமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பையனோடு பழக்கம் ஆனது என் அசட்டுத்தனத்தால்தான். ஒற்றைப் பாதையில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்துவிடாமல் காப்பது டோக்கன். நீல்ஸ் மிஷின் என்போம். அடுத்த ஸ்டேஷன்காரர் சம்மதம் கொடுத்தால்தான் இங்கே மிஷினிலிருந்து ஓர் இரும்புப் பந்து வெளியே வரும். அதைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி டிரைவரிடம் கொடுக்க வேண்டும். அந்தப் பந்து கையில் இல்லாமல் அவர் அடுத்த செக்‌ஷனுக்குள் போகக்கூடாது. வண்டி போய்ச் சேர்ந்ததும் அந்த ஸ்டேஷன்காரர் பந்தைத் தன் மிஷினில் போடுவார். அதுவரை வேறு பந்து எதுவும் வெளியே வராது, வேறு வண்டியும் அந்தப் பாதையில் நுழையாது.

மெட்ராஸ் போகிற கொல்லம் மெயில் எங்கள் ஸ்டேஷனில் நிற்காது. இருட்டிய பிறகு வரும். வேகத்தைக் குறைத்துக்கொண்டு போகிறபோதே பழைய வளையத்தை வீசிவிட்டுப் புதியதைக் கையில் கோத்துக்கொண்டு போவார்கள். இதெல்லாம் பாயிண்ட்ஸ்மேன் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். ஒருநாள் நானே செய்கிறேன் என்று வளையத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொடுப்பதைக் கொடுத்துவிட்டேன். வாங்குவதில் கோட்டை விட்டேன். வளையம் முழங்கையில் அடித்துத் துள்ளி சீமைக்கருவேல முள்ளுக்குள் போய் விழுந்தது.

கைவிளக்கோடு தேடினோம். உள்ளே டெலிபோன் அடித்துக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு கூட்ஸ் காத்திருக்கிறது, லைனை ஏன் இன்னும் மூடவில்லை என்று கண்ட்ரோலர் கேட்கிறார். என்ன சொல்வது? அப்போது பெஞ்சில் படுத்திருந்த பையன் எழுந்து வந்தான். ட்ரவுசர் மட்டும் போட்டிருந்தான். முள்ளுக்குள் பூனை மாதிரி நுழைந்து வளையத்தை இழுத்துக்கொண்டு வந்தான். முதுகெல்லாம் கீறல். என் முகத்தைப் பார்த்தான், சிரிப்பை அடக்க முடியவில்லை. நானும் சிரித்துவிட்டேன்.

அப்பாவுக்கு நைட் டூட்டி என்றால் அவன் என் ஜன்னலுக்கு வெளியே அந்தப் பெஞ்சில்தான் தூங்குவான். தனியாக வீட்டில் படுக்கப் பயம். இவ்வளவு நாள் கண்ணெதிரே படுத்திருந்தவனை அன்றுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு பேச்சுத் துணை. ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குள் அவன் வரக்கூடாது. அது அவனுக்கே தெரியும், வாசல்படியைத் தாண்டமாட்டான். படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பான். கேட்கீப்பரோடு நான் போனில் பேசும்போது ஏன் கடைசியில் ஒரு நம்பர் சொல்கிறீர்கள் என்றான். பிரைவேட் நம்பர் என்றேன். ‘கேட்டை மூடிவிட்டேன்’ என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது. தன்னிடம் உள்ள தாளிலிருந்து ஒரு நம்பரைச் சொல்ல வேண்டும். நான் அதை எழுதிக்கொள்வேன், அவர் தன் தாளில் அதை அடித்துவிடுவார். அடித்த நம்பரைத் திரும்பச் சொல்லமுடியாது. நம்பரைக் கொடுத்துவிட்டால் கேட் மூடியிருந்தே ஆகவேண்டும்.

அவனுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. பழைய ஃபாரம் ஒன்றின் பின்பக்கத்தில் தாறுமாறாக இரண்டு இலக்க எண்களை எழுதி அவனுக்கு ஒரு தாளும் எனக்கு ஒரு தாளும் செய்தேன். ஒன்பதாம் வாய்ப்பாட்டைப் படித்துவிட்டேன், நம்பர் 41. நாளைக்குப் பென்சில் வாங்கி வருகிறேன், நம்பர் 86. எனக்கு அது பொழுதுபோக்கு.

ஆடிப்பூரம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் தேர். அரசு முத்திரையில் இருக்கிற கோபுரம் அந்த ஊர்க் கோபுரம்தான் என்று வாத்தியார் சொல்லியிருந்தாராம். அதே பாதையில், சில ஸ்டேஷன் தள்ளி இருக்கிற ஊர். இவன் போனதே இல்லை. அன்று எனக்கு ரெஸ்ட். கூட்டிப் போகிறேன் என்றேன்.

“நெசமாவா சார்? நம்பர் குடுங்க.”

கொடுத்தேன். 73.

முந்தின நாள் மாலை நண்பர்கள் வந்தார்கள். குற்றாலத்தில் சீசன், சாரல் பிரமாதமாக இருக்கிறதாம். ஏறிவிட்டேன். பையன் ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. அடுத்த வருஷமும் தேர் ஓடுமே என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வழக்கம்போலத் தாமதமாக டூட்டிக்கு வந்தேன். நான் மாற்றிவிட வேண்டியவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். அவருடைய கடைசி பஸ் போயிருந்தது. பையன் கஞ்சி போட்ட சட்டையோடு, தலையில் எண்ணெய் வழிய, காலை பாசஞ்சரிலிருந்து சாயங்கால பாசஞ்சர் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தானாம். சாப்பிடக் கூப்பிட்டதற்கும் போகவில்லை. சொல்லிவிட்டு ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டார். போகும்போது, “எம் பொண்ணும் இந்நேரம் ஜன்னல்லதான் நிப்பா” என்றார்.

நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தை நீட்டினேன். பையன் வாங்கவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. தாளை எடுத்துக் காட்டினான். 73-ஐ அடித்து, பக்கத்தில் தேதி போட்டிருந்தான், நாங்கள் ரிஜிஸ்டரில் போடுகிற மாதிரியே. சரிடா, வேறு நம்பர் தருகிறேன், அடுத்த ரெஸ்ட்டில் கட்டாயம் போவோம் என்றேன்.

“ஒங்க நம்பருக்கு கேட் மூடல சார்” என்றான்.

அன்றைக்குப் பிறகு அவன் பெஞ்சுக்கு வரவில்லை. அப்பா நைட் டூட்டியில் இருக்கும் ராத்திரிகளில் வீட்டிலேயே தனியாகப் படுத்தான். பிளாட்பாரத்திலிருந்து பார்த்தால் அந்த வீட்டு ஜன்னல் தெரியும். விடிய விடிய லைட் எரியும். ஐம்பது அடி தூரம். டூட்டியில் இருக்கிறவன் ஸ்டேஷனை விட்டு நகரக்கூடாது. ஒவ்வொரு வண்டிக்கும் கொடி காட்டப் பிளாட்பாரத்துக்கு வருவேன், கார்டு வேனின் பின்னால் எல்.வி. (லாஸ்ட் வெஹிக்கிள்) போர்டு இருக்கிறதா என்று பார்ப்பேன். வண்டி முழுசாக வந்து சேர்ந்ததற்கு அந்தப் போர்டுதான் சாட்சி. பார்த்துவிட்டுத் திரும்பினால் அந்த ஜன்னல்.

பாயிண்ட்ஸ்மேன் அண்ணனுக்கு மற்ற மாஸ்டரோடும் டூட்டி வரும். அந்த மாதிரி ராத்திரிகளில் நான் பாயை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் வீட்டுத் திண்ணையில் படுத்தேன். கதவைத் தட்டவில்லை. என்ன சொல்லித் தட்டுவது? முதல் ராத்திரி கொசுக்கடியில் தூங்கவேயில்லை. உள்ளே லைட் எரிந்தது. இரண்டாவது ராத்திரியும் மூன்றாவதும் அப்படியே. நான்காவது ராத்திரி, நடுச்சாமத்துக்கு முன்னால், லைட் அணைந்தது. வண்டி எதுவும் இல்லாத நேரம். உள்ளே அவன் புரண்டு படுக்கிற சத்தம்கூடக் கேட்டது.

அடுத்த வாரம் கதவு லேசாகத் திறந்து ஒரு தலையணை வெளியே வந்தது. பேச்சு வர இன்னும் கொஞ்சநாள் ஆனது.

ரெஸ்ட்டுக்கு ஊருக்குப் போவது குறைந்தது. துணியை நானே துவைக்க ஆரம்பித்தேன். அதைப் பார்த்து அவன் தலையில் அடித்துக்கொண்டான். காலருக்குத் தனியாகச் சோப்புப் போட வேண்டும் என்பதே எனக்கு அவன் சொல்லித்தான் தெரியும். ரசம் வைக்கவும் அவன்தான் கற்றுக்கொடுத்தான். பொங்கக்கூடாதாம், நுரை கட்டும்போதே இறக்கணுமாம். எட்டு வயதில் இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டபோதுதான் அவனுடைய அம்மாவைப் பற்றிச் சொன்னான். அதை இங்கே எழுதப்போவதில்லை. என்னிடம் சொன்னது அது.

டூட்டிக்குப் பத்து நிமிஷம் முன்னால் போக ஆரம்பித்ததும் அப்போதுதான். முதல்நாள் என்னைப் பார்த்ததும் அந்தப் பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் கடிகாரம் ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேட்டார்.

பள்ளிக்கூடத்தில் பெற்றோரை வரச் சொல்லியிருந்தார்கள். அண்ணனுக்கு டூட்டி, நான் போனேன். “நீங்க பையனுக்கு என்ன வேணும்?” என்று டீச்சர் கேட்டார். நான் மிடுக்காக, “ஸ்டேஷன் மாஸ்டர்” என்றேன். வகுப்பே சிரித்தது. திரும்பி வரும்போது ரொம்ப தூரம் பேசாமல் வந்தவன், “மாமான்னு சொல்லியிருக்கலாம்ல” என்றான்.

1995 ஆடிப்பூரத்துக்கு நான் ஒரு வார்த்தையும் கொடுக்கவில்லை. காலையில் போய், “சட்டையைப் போடு” என்றேன். அவனும் நம்பர் கேட்கவில்லை. தோளில் உட்கார்ந்துதான் தேர் பார்த்தான். கூட்டத்தில் செருப்பு போனது என்னுடையது. திரும்பும்போது அப்பாவுக்கென்று வாங்கிய பால்கோவாவில் பாதியை ரயிலிலேயே தீர்த்துவிட்டான்.

மறு வருஷம் எனக்கு மாற்றல் வந்தது. இப்போது அந்தப் பாதை அகலப் பாதை. அந்தக் கொல்லம் மெயில் இப்போது எக்ஸ்பிரஸ், வளையமும் கிடையாது. பட்டனைத் தட்டினால் சிக்னல் விழுகிறது. வேலை சுலபம், குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரைவேட் நம்பர் மட்டும் இருக்கிறது. புதிதாக வரும் பையன்களுக்கு நான்தான் அதைச் சொல்லிக்கொடுக்கிறேன்.

மாற்றல் நாளன்று டிரங்குப் பெட்டியை அண்ணன் பாசஞ்சரில் ஏற்றினார். பையன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“லெட்டர் போடுவீகளா மாமா?”

“போடுறேன்டா.”

ட்ரவுசர் பையிலிருந்து பென்சிலையும் மடித்து மடித்துக் கிழிந்துபோன தாளையும் எடுத்தான். கடைசி வரியில் இரண்டே எண்கள் மிச்சம். நான் என் தாளைத் தேடினேன். சட்டைப் பையில் இல்லை, பர்ஸில் இருந்தது. “பத்தொன்பது” என்றேன். அவன் எழுதிக்கொண்டான். அண்ணன் கொடி காட்டினார், வண்டி நகர்ந்தது.

புது ஸ்டேஷனில் குவார்ட்டர்ஸ் சாவி கிடைக்க ராத்திரி ஆகிவிட்டது. லைட் இல்லை, பெட்டியைத் திறக்கவில்லை. டூட்டியில் இருந்தவரிடம் ஒரு இன்லண்ட் லெட்டர் கடன் வாங்கி, அவருடைய மேஜை ஓரத்தில் நின்றுகொண்டே எழுதினேன். மேலே வலதுபக்கம் தேதி. அதற்குக் கீழே, 19.