பாரம் குறைந்த காரில், பந்தயத் தடத்தில் ஒரு நாள்

ஊர் திரும்பி மூன்று நாட்களாகின்றன. நேற்று மாலை உப்புவெளிக் கடற்கரையில் கூடியிருந்த நண்பர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "எத்தனையில ஓடினனீ?" மணிக்கு 150 கிலோமீற்றரை ஒரேயொரு நேர்ப்பாதையில், அதுவும் சில வினாடிகளுக்கு மட்டும் தொட்டேன் என்று சொன்னதும் அவர்களுடைய முகங்கள் வாடிவிட்டன. அதைவிட வேகமாக நிலாவெளி வீதியிலேயே ஓடலாமே என்றார் ஒருவர். அவருக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் இருட்டிவிட்டதால், மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். இங்கிலாந்தின் கென்ற் பிராந்தியத்தில் இருக்கும் பிராண்ட்ஸ் ஹட்ச் பந்தயத் தடத்தில், ஆயிரம் கிலோகிராமுக்கும் குறைந்த பழைய கார் ஒன்றுடன் நான் கழித்த நாளைப் போல இன்பமான நாள் என் வாழ்க்கையில் அதிகம் இல்லை.

செலவுக் கணக்கைத்தான் முதலில் தர வேண்டும். ஆனால் கொழும்புக்குப் போன பஸ்ஸைப் பற்றி எழுதாமல் என் மனம் ஆறாது. திருகோணமலை பஸ் நிலையத்தில் இரவு 9 மணிக்கு நான் ஏறிய தனியார் பஸ், குளிரூட்டப்பட்டது என்று சொல்லி அதற்குரிய கட்டணத்தை வாங்கியது. கந்தளாயைத் தாண்டுவதற்கு முன்பே குளிரூட்டி நின்றுபோக, திறக்க முடியாத கண்ணாடிகளுக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் வெந்துகொண்டிருந்தோம். நடைபாதை முழுவதும் ஆட்கள், பின்னிருக்கைக்கு அடியில் கருவாட்டு மூட்டைகள். பாதிப் பணத்தையாவது திருப்பித் தருமாறு கேட்டதற்கு நடத்துனர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாரதி ஒவ்வொரு தரிப்பிடத்தையும் கடைசி நொடியில் கண்டவர் போலப் பிறேக்கை மிதித்தார், ஹபரணைச் சந்தியை நெருங்கும்போது சூடேறிய பிறேக்கின் கருகல் மணம் உள்ளே வந்துவிட்டது. நான் பாடசாலையில் பௌதிகவியல் படிப்பிப்பவன். நித்திரை வராத அந்த இரவில் மனக்கணக்குப் போட்டேன்: பத்துத் தொன் பஸ் ஒன்றையும் ஒரு தொன் கார் ஒன்றையும் ஒரே வேகத்திலிருந்து நிறுத்துவதானால், பஸ்ஸின் பிறேக்குகள் பத்து மடங்கு இயக்கசக்தியை வெப்பமாக்க வேண்டும், வேகம் இரு மடங்கானால் அந்தச் சக்தி நான்கு மடங்காகும். கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதிய சமன்பாட்டை அன்றுதான் மூக்கால் அறிந்தேன்.

விமானப் பயணத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கிழக்கு லண்டனில் வசிக்கும் என் மச்சானுடைய மகளின் சாமத்தியவீட்டுக்குத்தான் போனேன். ஆகவே விமானச் சீட்டையும் விசாக் கட்டணத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. விழா முடிந்த மூன்றாம் நாள், மச்சான் தன் கார்க் கொட்டிலைத் திறந்து காட்டினான்.

உள்ளே நின்றது 1994 ஆம் ஆண்டின் மஸ்டா எம்எக்ஸ்-5. ஜப்பானில் இதை யூனோஸ் ரோட்ஸ்டர் என்று விற்றார்கள். 1989 இல் அறிமுகமாகி, 2016 இல் பத்து இலட்சமாவது கார் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த வண்டி வரிசை இது. இரண்டே இருக்கைகள், முன்பக்கம் 1.8 லீற்றர் இயந்திரம், பின்சில்லுகளுக்கு வலு, ஏறத்தாழ 130 குதிரைவலு, முன்னும் பின்னும் ஏறக்குறைய சமமாகப் பங்கிடப்பட்ட பாரம். அதிலிருந்தும் மச்சான் மேலதிகச் சில்லு, ஜக், கால்மிதிகள் எல்லாவற்றையும் கழற்றி வெளியே வைத்தான். கழற்றப்படாமல் மிஞ்சிய ஒரே சுமை, அவனுடைய மனைவி விடியற்காலையில் எழுந்து அவித்துக் கட்டித் தந்த புட்டும் கணவாய்க் கறியும்தான். இவ்வளவு பழைய பெற்றோல் காரை லண்டனுக்குள் ஓட்டினாலே புகைமாசுக் கட்டணமாக நாளுக்கு 12.50 பவுண் கட்ட வேண்டும் என்பதை அவன் வழியில் சொன்னபோது, அதை ரூபாயாக்கிப் பார்த்து நான் சற்று நேரம் பேசாமல் இருந்தேன்.

பிராண்ட்ஸ் ஹட்ச் ஒரு பெரிய சட்டி போன்ற இயற்கைப் பள்ளம். 1950 இல் தார் போடப்பட்ட அந்தத் தடத்தில், 1964 முதல் 1986 வரை பதினான்கு தடவைகள் போர்முலா வன் உலக வாகையர் பந்தயம் நடந்திருக்கிறது. எங்களுக்குக் கிடைத்தது, ஏறத்தாழ 1.9 கிலோமீற்றர் நீளமான குறுஞ்சுற்று. நாங்கள் போனது ட்ராக் டே ஒன்றுக்கு; அது பந்தயம் அல்ல. பணம் கட்டி, சொந்தக் காரைக் கொண்டுவந்து, எதிரே வாகனமோ ஆட்டோவோ ஆடுமாடோ வராத தடத்தில் ஓட்டிப் பழகும் நாள் அது. நேரம் கணிக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. காலையில் அனைவரையும் ஓர் அறையில் இருத்தி, மஞ்சள் கொடி கண்டால் வேகத்தைக் குறைப்பது, சிவப்புக் கொடி கண்டால் மெதுவாகத் தரிப்பிடம் திரும்புவது, முன்னால் போகிறவர் வழிவிட்ட பின்னரே முந்துவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தார்கள். என் இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரத்தை இரு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு, மணிக்கட்டில் ஒரு கடதாசிப் பட்டியை ஒட்டிவிட்டார்கள். பிறகு புகைக்குழாயின் அருகே கருவியைப் பிடித்து, இயந்திரத்தை முறுக்கச் சொல்லி, சத்தத்தை அளந்தார்கள். வரம்பைத் தாண்டினால் எவ்வளவு பணம் கட்டியிருந்தாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

தடத்தில் இறங்குவதற்கு முன் மச்சான் வெண்கட்டி ஒன்றை எடுத்து, ஒவ்வொரு ரயரின் பக்கவாட்டிலிருந்து மிதிபரப்பு வரை மூன்று கோடுகள் இழுத்தான்; திருநீறு பூசியது போல இருந்தது. வளைவுகளில் ரயர் எவ்வளவு சரிந்து நிலத்தில் தேய்கிறது என்பதை அந்தக் கோடு அழிந்த அளவு காட்டிக்கொடுக்கும். காற்றழுத்தம் காலையில் 26 பி.எஸ்.ஐ. ஆக இருந்தது. முதல் இருபது நிமிடங்களுக்குப் பிறகு அளந்தபோது 31. குனிந்து கையை வைத்துப் பார்த்தேன், ரயர் வெந்நீர்ப் போத்தல் போலச் சுட்டது. கோடு ஓரத்தில் விரலளவு அழிந்திருந்தது. வாயுவின் வெப்பநிலை ஏற அமுக்கம் ஏறும் என்று வகுப்பில் சொல்லும்போது கொட்டாவி விடுகிற பிள்ளைகளை அந்தக் கணத்தில் அங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும் போல இருந்தது.

எனக்குப் பக்கத்தில் அமர்ந்த பயிற்றுவிப்பாளர் அதிகம் பேசாத மனிதர். நான் அவசரப்படும்போதெல்லாம் உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து, குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பது போல மெதுவாக அசைப்பார், அவ்வளவுதான். நேர்ப்பாதை முடிந்ததும் வருவது பாடொக் ஹில் வளைவு. கார் ஒரு மேட்டின் மீது ஏறுகிறது. வலப்புறம் திரும்பத் தொடங்கும்போது வளைவின் மறுபக்கம் கண்ணுக்குத் தெரிவதில்லை. திரும்பியதும் நிலம் காலுக்கடியில் இருந்து விழுந்துவிடுகிறது. கோணேசர் கோயிலடியில் இராவணன் வெட்டின் விளிம்பிலிருந்து கடலை எட்டிப் பார்க்கும்போது அடிவயிறு எப்படிக் கூசுமோ, அப்படியே கூசியது. பள்ளத்தின் அடியில் நிறை முழுவதும் இருக்கையில் அழுந்த, உடனே மேடேறி ட்றுயிட்ஸ் என்னும் கொண்டையூசி வளைவு, பிறகு இறக்கத்தில் இடப்புறம் திரும்பும் கிரஹாம் ஹில் வளைவு. ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் ஆகும், அதற்குள் இவ்வளவும்.

பாரம் குறைந்த கார் மனிதனோடு பேசும் என்பது முன்பு எனக்கு வெறும் விளம்பரப் பேச்சாகவே தெரிந்தது. ஸ்ரியரிங்கை ஒரு விரலகலம் திருப்பினால் மூக்கு அப்போதே திரும்புகிறது. பிறேக்கை மிதித்தால் பாரம் முன்சில்லுகளுக்கு வருவதைக் கையாலும், விட்டால் பின்னால் போவதை இடுப்பாலும் உணரலாம். இதை முழுதாக விளங்கிக்கொண்டது, நான் விட்ட ஒரு பிழையால்தான். பயிற்றுவிப்பாளர் இறங்கிய பிறகு, கிரஹாம் ஹில் வளைவுக்குள் வேகம் கூடிவிட்டதென்று பயந்து, எரிபொருள் மிதியிலிருந்து காலைத் திடீரென எடுத்துவிட்டேன். அப்படி எடுக்கக் கூடாது என்று அவர் நான்கு தடவைகள் சொல்லியிருந்தார். பாரம் முன்னால் ஓட, பின்சில்லுகள் பிடிமானத்தை இழந்து, கார் பம்பரம் போல ஒரு சுற்றுச் சுற்றிப் புல்வெளியில் நின்றது. எதிலும் மோதவில்லை. விதிப்படி தரிப்பிடத்துக்குத் திரும்பிக் காரின் அடிப்பகுதியைக் காட்டினோம். புல்லைத் தவிர வேறொன்றும் ஒட்டியிருக்கவில்லை. மச்சான் என்னைத் திட்டவில்லை. "இனிக் காலை மெல்ல எடு, மச்சான்" என்று மட்டும் சொல்லித் திறப்பை மறுபடி என் கையிலேயே தந்தான்.

மதியம் ஒரு மணி நேரம் தடத்தை மூடினார்கள். சூடான பிறேக்குக்கு மேல் கைப்பிறேக்கைப் போடக் கூடாது என்பதால் கியரில் விட்டு, பாயை விரித்துப் புட்டுப் பொதியை அவிழ்த்தோம். தேங்காய்ப்பூ ஊறிய புட்டும், மிளகு தூக்கலான கணவாய்ப் பிரட்டலும், கை நடுக்கம் தீராத அந்த நேரத்தில் தொண்டைக்குள் இறங்கியதை எழுத்தில் கொண்டுவர முடியாது. எங்கள் துறைமுகத்தடியில் வாங்கும் கணவாயின் ருசிக்கு அந்த ஊர்க் கணவாய் ஈடாகாது என்று நினைத்திருந்தேன். அன்று நினைப்பை மாற்றிக்கொண்டேன்.

பக்கத்துத் தரிப்பிடத்தில் நின்ற முதியவர் புட்டில் ஒரு பங்கை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பதிலுக்குத் தன்னுடைய முதல் தலைமுறை லோட்டஸ் எலீஸில் என்னை ஏற்றிக்கொண்டார். 1996 இல் வந்த அந்தக் கார் 725 கிலோகிராம்தான். பசையால் ஒட்டிச் செய்த அலுமினியச் சட்டகம் 68 கிலோகிராம், ஒரு வளர்ந்த மனிதனின் நிறை. இயந்திரம் 118 குதிரைவலு, எங்கள் மஸ்டாவைவிடக் குறைவு. ஆனால் நாங்கள் பிறேக் பிடித்த இடத்தைத் தாண்டிப் பல மீற்றர் போன பிறகே அவர் பிறேக்கைத் தொட்டார், வளைவுக்குள்ளும் எங்களைவிட வேகமாக நுழைந்தார். லோட்டஸை நிறுவிய கொலின் சாப்மன் ஏன் வாழ்நாள் முழுவதும் வலுவைக் கூட்டுவதைவிடப் பாரத்தைக் குறைப்பதில் பிடிவாதமாக இருந்தார் என்பதற்கு அதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கப்போவதில்லை.

பிற்பகலில், ஐந்நூறு குதிரைவலுவுக்கு மேற்பட்டதென்று சொல்லப்பட்ட புத்தம் புதிய, பாரமான கார் ஒன்று வந்தது. நேர்ப்பாதையில் எல்லோரையும் விழுங்கிக்கொண்டு போனது. ஐந்தாவது சுற்றில் தரிப்பிடத்துக்குத் திரும்பி வந்து எங்களுக்கு அருகே நின்றபோது, முன்சில்லுகளில் இருந்து புகை எழுந்தது. ஹபரணைச் சந்தியில் நுகர்ந்த அதே மணம். அதை ஓட்டி வந்தவர் ஒரு மணி நேரம் போனெட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். முப்பது வருடப் பழசான எங்கள் மஸ்டா அதற்குள் நாற்பது சுற்றுகள் ஓடிவிட்டது. இவ்வளவு காசு கொடுத்து ஒருவர் ஏன் காத்திருப்பதை வாங்க வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

இனிக் கணக்கு. தடக் கட்டணம் 220 பவுணில் என் பாதி 110, இரண்டாவது சாரதியாக என்னைப் பதிந்ததற்கு 40, பயிற்றுவிப்புக்கு 45, வாடகைத் தலைக்கவசத்துக்கு 15, எலீஸில் ஏறியதற்கான பயணிப் பட்டிக்கு 20, பெற்றோலில் என் பங்கு 30. மொத்தம் 260 பவுண், அதாவது பவுணுக்கு 400 ரூபாய் என்று பார்த்தால் 104,000 ரூபாய். ஓர் ஆசிரியருக்கு இது பெரிய தொகை. இருந்தும் வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஒரு சதமும் வீணில்லை. வீணானது, கட்டுநாயக்காவிலிருந்து ஊருக்கு வந்த வானுக்குக் கொடுத்த காசுதான். 28,000 என்று தொலைபேசியில் பேசிய சாரதி, விடியப்புறம் 4 மணிக்கு என் வீட்டு வாசலில் பெட்டிகளை இறக்காமல் வைத்துக்கொண்டு 34,000 கேட்டார். அயலவர்கள் எழும்பிவிடுவார்கள் என்ற கூச்சத்தில் கொடுத்துவிட்டேன். நீங்கள் யாரும் எழுத்தில் வாங்காமல் ஏறாதீர்கள்.

நிலாவெளி வீதி என்று சொன்ன நண்பருக்கு என் பதில் இதுதான்: அந்த வீதியில் நான் செய்த பிழையைச் செய்திருந்தால், புல்வெளிக்குப் பதிலாக ஒரு மதிலோ, சைக்கிளில் வரும் ஒரு பிள்ளையோ இருந்திருக்கும். களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தையில், இரண்டாம் உலக யுத்தகால விமான ஓடுபாதையில் நெடுங்காலமாகப் பந்தயங்கள் நடக்கின்றன; அங்கே போய் ஒரு நாள் நின்று பார்ப்பதற்கு நாங்கள் நால்வர் பேசிவைத்திருக்கிறோம், இம்முறை பகல் பஸ்ஸில். மச்சான் அடுத்த வருடமும் ஒரு நாளைப் பதிவு செய்யப்போகிறானாம். உவர்மலையில் ஆசிரியர்கள் சேர்ந்து பிடிக்கும் மாதச் சீட்டில் நேற்று என் பெயரையும் கொடுத்துவிட்டேன்.