கோப்பு எந்த நாளில் முடிந்தது?

கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் உதிரிப் பாகங்கள் தயாரிக்கும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் நிர்வாகப் பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். எங்கள் ஆவணங்களை ஷேர்பாயிண்ட் என்னும் ஆன்லைன் ஆவணக் கிடங்குக்கு மாற்றிய பிறகு, எதை எத்தனை ஆண்டு வைத்திருப்பது, எப்போது அழிப்பது என்னும் விதிகளை அதற்கான மென்பொருளான மைக்ரோசாஃப்ட் பர்வியூவில் அமைக்கும் வேலை என்னிடம் வந்தது. ஆடிட்டரிடம் ஒரு பட்டியலை வாங்கி, அதிலுள்ள ஆண்டுகளைக் கட்டங்களில் நிரப்பினால் இரண்டு நாளில் முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் தொடங்கினேன்.

விதிகள் நடைமுறைக்கு வந்த பின் ஒரு திங்கட்கிழமை காலையில், காலம் முடிந்துவிட்டதால் அழிக்கலாமா என்று கேட்டு முதல் பட்டியல் வந்தது. அதன் மூன்றாவது வரியில் எங்கள் மிக்ஸிங் பிரிவு ஃபோர்மேனின் பணி நியமன ஆணை இருந்தது. அவரோ அந்த நேரத்தில் என் ஜன்னலுக்கு வெளியே நின்று, லாரியிலிருந்து இறங்கும் கார்பன் பிளாக் மூட்டைகளைச் சுவரில் கரிக்கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தார். வேலையில் இருக்கும் ஒருவர் எந்த நாளில் சேர்ந்தார் என்பதற்குரிய சான்றை அழித்துவிட்டால், பின்னால் அவருக்குப் பணிக்கொடை கணக்கிடும்போது நாங்கள் எதைக் காட்டுவது?

பிழை மென்பொருளுடையது அன்று, என்னுடையது. பணியாளர் கோப்புகளுக்கு எட்டு ஆண்டு என்று எழுதிய நான், அந்த எட்டு ஆண்டை எந்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்ற இடத்தில், முதலில் கண்ணில் பட்ட ‘உருவாக்கிய தேதி’ என்பதைத் தேர்ந்திருந்தேன். அந்த ஆணை 2016இல் பழைய சர்வரில் ஏற்றப்பட்டது. இடம் மாற்றியபோதும் அந்தத் தேதி அப்படியே கூடவே வந்தது. காலம் முடிந்ததும் தானாக அழியட்டும் என்று வைக்காமல், ஓர் ஆள் பார்த்து ஒப்புதல் தரட்டும் என்று வைத்திருந்ததால்தான் தப்பித்தோம். இல்லாவிட்டால் அந்த ஆணை மறுசுழற்சித் தொட்டிக்குப் போய், 93 நாட்களில் அங்கிருந்தும் மறைந்திருக்கும். அந்த ஒப்புதல் வசதிக்கான லைசென்ஸ் விலையைக் கேட்டு எங்கள் இயக்குநர் முகம் சுளித்தது தனிக் கதை.

இதே தேதி இன்னொரு பக்கம் நேர்மாறான கோளாறைச் செய்திருந்தது. எங்கள் பழைய கொள்முதல் பில்களையெல்லாம் 2021இல்தான் ஸ்கேன் செய்தோம். ஆகவே 2009ஆம் ஆண்டுப் பில்லும் 2021இல் பிறந்ததாகவே கணக்காகி, 2029 வரை இருக்க வேண்டியதாகிவிட்டது. ‘கடைசியாகத் திருத்திய தேதி’யை எடுத்துக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம். யாராவது ஒரு கோப்பைத் திறந்து ஒரு காற்புள்ளியைத் திருத்திச் சேமித்தால் போதும், கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கிவிடும்.

அன்று இரவு இதை என் தந்தையிடம் சொன்னேன். அவர் திருமங்கலம் தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முழுவதையும் கேட்டுவிட்டு, “எத்தன வருசங்கிறது இருக்கட்டும்மா, கோப்பு முடிஞ்சிருச்சா இல்லியா, அதச் சொல்லு மொதல்ல” என்றார். வருவாய்த் துறைக் கோப்புகளில் ஓ.மு., மூ.மு., ப.மு. என்று எண்ணுக்கு முன்னால் போடுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அவை ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு என்ற காலத்தைக் குறிக்கும் என்பது எனக்கும் தெரியும். அவற்றிலுள்ள ‘மு’ என்ற எழுத்தைத்தான் நான் இதுவரை கவனித்ததில்லை. அது ‘முடிவு’. நடவடிக்கை நடந்துகொண்டிருக்கும் வரை கோப்பு ந.க. எண்ணோடு, எழுத்தர் தன் கோப்புகளைக் குறித்துவைக்கும் தன்பதிவேட்டில் இருக்கும்; முடிவெடுத்துக் கோப்பை மூடும்போதுதான் இந்த எழுத்துகளில் ஒன்றைப் பெற்றுக்கொண்டு பதிவறைக்குப் போகும். எவ்வளவு காலம் என்பதும் எப்போதிலிருந்து என்பதும் அந்த ஒரே குறியீட்டுக்குள் இருக்கின்றன. நான் கட்டத்தில் நிரப்பியது பாதியை மட்டுமே.

மறுநாள் ஆடிட்டரின் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு வரியிலும் ‘எந்த நாளிலிருந்து’ என்று ஒரு கட்டம் சேர்த்தேன். பட்டியலே வேறொன்றாக மாறிவிட்டது. ஜிஎஸ்டி ஆவணங்களுக்கு எதிரே ஆறு ஆண்டு என்று இருந்தது. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவு சொல்வது 72 மாதங்கள்தான். ஆனால் பில் தேதியிலிருந்து அன்று, அந்த ஆண்டுக்கான ஆண்டு ரிட்டர்னைத் தாக்கல் செய்யும் கெடுத்தேதியிலிருந்து. 2017-18ஆம் ஆண்டின் கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டு 2020 பிப்ரவரியில்தான் முடிந்தது. எனவே 2017 ஜூலையில் போட்ட ஒரு பில்லை 2026 பிப்ரவரி வரை வைத்திருந்தாக வேண்டும். பில் தேதியிலிருந்து ஆறு ஆண்டு என்று எண்ணியிருந்தால் 2023 ஜூலையிலேயே அது போயிருக்கும். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டமோ நடப்பு ஆண்டுக்கு முந்தைய எட்டு நிதியாண்டுகளின் கணக்குகளையும் வவுச்சர்களையும் வைத்திருக்கச் சொல்கிறது. அதன்படி அதே பில் 2026 மார்ச் 31 வரை இருக்க வேண்டும். ஒரே ஆவணத்துக்கு இரண்டு காலங்கள் பொருந்தினால், நீண்டதையே பர்வியூ எடுத்துக்கொள்ளும். எனவே கணக்கு ஆவணங்கள் அனைத்துக்கும் நிதியாண்டு முடிந்த நாளிலிருந்து எட்டு ஆண்டு என்று வைத்துவிட்டு, ஜிஎஸ்டி கெடு அதைத் தாண்டிச் செல்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். இயக்குநர் கூட்டங்களின் மினிட்ஸ் புத்தகம், பங்குதாரர் பதிவேடு போன்றவற்றுக்குக் கடிகாரமே கிடையாது, அவை நிரந்தரம்.

பணியாளர் கோப்புகளுக்கு நிகழ்வை அடிப்படையாகக் கொண்ட லேபிளை, அதாவது ஓர் ஆவணத்தை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்று பர்வியூவுக்குச் சொல்லும் குறியை, அமைத்தேன். ஒவ்வொரு கோப்பிலும் பணியாளர் எண் இருக்கும். ஒருவர் வேலையிலிருந்து விலகியதும், அவருடைய எண்ணையும் விலகிய தேதியையும் குறித்து ஒரு நிகழ்வைப் பதிவு செய்தால், அந்த எண்ணுள்ள ஆவணங்களுக்கெல்லாம் காலம் அந்தத் தேதியிலிருந்து ஓடும். அதுவரை எதுவும் அழியாது. ஒரு லேபிளுக்கு எந்த வகை நிகழ்வு என்பதை ஒருமுறை சேமித்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது என்பதால், புதிதாகச் செய்பவர்கள் முதலில் பத்துக் கோப்புகளில் வைத்துச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

வழக்கோ வரி நோட்டீஸோ நிலுவையில் இருக்கும் ஆண்டுகளின் ஆவணங்களை நிறுத்திவைத்திருக்கிறேன். நிறுத்திவைப்பு இருக்கும் வரை எந்தக் கடிகாரமும் அவற்றைத் தொடாது. நிறுத்திவைப்பது எளிது, அதை எடுத்துவிடத்தான் யாருக்கும் நினைவிருக்காது. ஆகவே ஒவ்வொன்றுக்கும் எதிரே, எடுத்துவிட வேண்டியவரின் பொறுப்பையும் எழுதி வைத்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை என்று ஸ்டோர்ஸ் மேனேஜர் ஒருமுறைக்கு இருமுறை சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. வேலை கேட்டு வந்து, கிடைக்காமல் திரும்பிப் போனவர்களின் ஆதார் நகல்கள் ஒரு பெட்டி நிறைய எங்களிடம் இருந்தன. எந்தத் தேவையும் இன்றி அவற்றை வைத்திருக்க நமக்கு என்ன உரிமை? நோக்கம் முடிந்த தனிநபர் விவரங்களை, வேறு சட்டம் கேட்டாலொழிய, அழித்துவிட வேண்டும் என்பதுதான் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நிலைப்பாடும். ஸ்கேனை அழிக்கும் அன்றே காகிதத்தையும் அழிக்க வேண்டும் என்று நடைமுறையில் சேர்த்தோம். பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடும் வழக்கத்தை இந்தப் பெட்டிகளுக்கு மட்டும் நிறுத்திவிட்டு, ஊழியர் ஒருவர் முன்னிலையில் கிழித்துத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்குகிறோம்.

இன்னும் ஒழுங்குக்கு வராதவை, தினக்கூலிக்கு வருபவர்களின் கோப்புகள். அவர்கள் விலகல் கடிதம் கொடுப்பதில்லை. அறுவடைக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வரமாட்டார், அவ்வளவுதான். அவர்களுக்கு மட்டும் கூலிப் பதிவேட்டில் கடைசியாகக் கையெழுத்திட்ட மாதத்தை எடுத்து, அதன்பின் ஓர் ஆண்டு வராவிட்டால் அந்த மாதக் கடைசியையே விலகிய தேதியாகப் பதிவு செய்வது என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். சென்ற வாரம் அப்படிப் பதிவு செய்த ஒருவர், பதினான்கு மாதம் வராமல் இருந்துவிட்டு, நேற்றுக் காலை முதல் ஷிஃப்டுக்கு வந்து நின்றார். அவர் பெயரிலிருந்த நிகழ்வை நீக்கினாலும் ஓடத் தொடங்கிய காலம் நிற்காது என்பதால், அந்தக் கோப்பிலுள்ள ஒவ்வொரு ஆவணத்தின் லேபிளையும் கையால் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.