பழைய செடானில் என்ஜினுக்கு முன்னால் கெட்டுப்போகிறவை

பழைய கார் வாங்கினேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்டது, "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது?" என்பதுதான். என்னுடைய 2007 மாடல் பெட்ரோல் செடானின் மீட்டர் ஒன்றேகால் லட்சத்தை ஒட்டிக் காட்டியது. அந்த எண்ணுக்கு நான் பெரிய மதிப்புக் கொடுக்கவில்லை. நேரத்துக்கு ஆயில் மாற்றிய நான்கு சிலிண்டர் என்ஜினுக்கு அது நடுவயதுதான். ஆளை நடுவழியில் இறக்கிவிடுகிறவை வேறு: ரப்பர் ஹோஸ், பிளாஸ்டிக் தொட்டி, வயர் இணைப்பு. இவை ஓடினாலும் கிழடாகும், ஷெட்டில் நிறுத்தி வைத்தாலும் கிழடாகும். வண்டியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கடற்காற்றில் இத்தனை வருடம் கிடந்த ரப்பருக்காக எந்தக் கம்பெனியையும் கூண்டில் ஏற்றுவது நியாயம் இல்லை. கீழே வருபவை அந்தக் காலத்துச் செடான்கள் பெரும்பாலானவற்றுக்கும் பொருந்தும்.

வண்டி திருநெல்வேலி மாவட்டத்துத் திசையன்விளைப் பக்கத்திலிருந்து வந்தது. நம் பகுதியில் பழைய கார் பார்ப்பவர்கள் 2023 டிசம்பரை மறக்கக் கூடாது. 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. தாமிரபரணி ஊருக்குள் புகுந்தபோது திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் பல கார்கள் நின்ற இடத்திலேயே மூழ்கின. எனவே முதலில் சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்துப் பார்த்தேன். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் சுருளின் உள்பகுதியில் வண்டல் கறை காட்டிக்கொடுக்கும். அங்கே வரைக்கும் கழுவ யாருக்கும் பொறுமை இருக்காது. சீட்டைத் தாங்கும் போல்ட்டுகள், ஸ்டெப்னிக் குழி, டாஷ்போர்டுக்கு அடியிலுள்ள கனெக்டர்கள் ஆகியவற்றையும் பார்த்தேன். வெள்ளத்தின் அடையாளம் எதுவும் இல்லை. உப்புக் காற்றின் துரு மட்டும் இருந்தது. கதவுகளின் அடியில் தண்ணீர் வடிவதற்காக விட்டிருக்கும் துளைகளைத் தேரிமண் (நம் கடலோரத்துச் செம்மணல்) அடைத்திருந்தது. கம்பியால் குத்தியதும் செந்நிறத் தண்ணீர் வடிந்தது. மேலே பெயின்ட் அடித்து, உள்ளே துளையை அடைத்தபடி விட்டால் துரு மறு மழைக்கே திரும்பி வரும்.

வேலையைக் கூலிங்கில் தொடங்கினேன். சித்திரை வெயிலில் பாளையங்கோட்டை மார்க்கெட் நெரிசலில் வண்டியை ஊர்ந்து ஓட்டிப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே காப்பித் தண்ணீர் நிறத்தில் ஏதோ இருந்தது. உவர்ப்பான போர் தண்ணீரையே வருடக்கணக்கில் ஊற்றியிருக்கிறார்கள். சுண்ணாம்பும் துருவும் உள்ளே படிந்தால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் அடைபடும். அதைவிட ஆச்சரியம், தெர்மோஸ்டாட்டே இல்லை. "நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு, அண்ணாச்சி?" என்று கேட்டுக் கழற்றி வீசும் வழக்கம் இங்கே பல பட்டறைகளில் உண்டு. கேட்கும்போது சரியாகத்தான் தோன்றும். ஆனால் பல என்ஜின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரட்டை வேலை. சூடேறியதும் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும். அதே அசைவில் பைபாஸ் வழியை மூடும். அதைக் கழற்றிவிட்டால் சுடுதண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டரை எட்டிப் பார்க்காமலே என்ஜினுக்குத் திரும்பிவிடும். நெடுஞ்சாலையில் என்ஜின் தேவையான சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும். நெரிசலில் முள் மேலே ஏறும். இந்த இரண்டு நோயும் ஒன்றாக என் வண்டியில் இருந்தன.

82 டிகிரி வாக்கில் திறக்கும் புதிய தெர்மோஸ்டாட் வாங்கினேன். பொருத்துவதற்கு முன் ஒரு பாத்திரத்தில் தண்ணீரைச் சூடாக்கி, தெர்மாமீட்டருடன் அதைத் தொங்கவிட்டுத் திறக்கிறதா என்று பார்த்தேன். (சமையலறைப் பாத்திரம் அல்ல. வீட்டில் அமைதியும் முக்கியம்.) ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தலைப்பகுதியில் மயிரிழை விரிசல் ஓடியிருந்ததால் ரேடியேட்டரையே மாற்றினேன். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ் மூன்றும் புதிது. கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி.

இவை எல்லாவற்றிலும் மலிவானது ரேடியேட்டர் மூடி. அதைத்தான் யாரும் சந்தேகிப்பதில்லை. மூடியில் 1.1 என்று போட்டிருந்தால் வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் 1.1 பார் வரை அது தாங்கிப் பிடிக்கும் என்று பொருள். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் 100 டிகிரியிலேயே கொதித்து வெளியே தள்ளும். என்ஜின் ஆறும்போது ரிசர்வ் டப்பாவிலிருந்து கூலண்டைத் திரும்ப இழுக்கும் சிறு வால்வும் மூடியில்தான் இருக்கிறது. டப்பா நிறைந்திருக்க, ரேடியேட்டரில் அளவு குறைந்திருந்தால் முதலில் மூடியை மாற்றுங்கள். ஹெட் காஸ்கெட் (என்ஜினின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவேயுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்று யாராவது பயமுறுத்தினால் அதற்குப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்கும் டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு எந்தச் சீட்டும் இல்லை. சீட்டு இல்லாவிட்டால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்வது என் கொள்கை. இந்த வகை என்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை இடித்து வளைத்துவிடும். பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் ஒரே தடவையில் முடித்தேன். இதை மட்டும் பட்டறையில் கொடுத்துப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அடுத்தது மின்சாரம். ஹெட்லைட்டைப் போட்டால் வெப்பநிலை முள் கொஞ்சம் உயரும், அணைத்தால் இறங்கும். விளக்குக்கும் என்ஜின் சூட்டுக்கும் என்ன உறவு? எர்த் வயர்தான், அதாவது மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் பொதுவழி. திருநெல்வேலிப் பேட்டையில் வயரிங் வேலை செய்யும் அண்ணாச்சி ஒருவர், "சென்சாரை மாற்றாதீர்கள், முதலில் எர்த்தைப் பாருங்கள்" என்றார். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை என்ஜின் பிளாக்கிலும் வைத்து, மகனைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் அதைப்போல் பல மடங்கு காட்டியது. பச்சை பூத்த பழைய வயரை எடுத்துவிட்டுத் தடித்த புதிய வயரைப் போட்டு, போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்தேன். முள் அடங்கியது, செல்ஃபின் மந்தமும் போயிற்று. ஏ.சி. போட்டதும் ஐட்லிங் தடுமாறியதும் பாதி குறைந்தது. மீதிப் பாதிக்கு, என்ஜினுக்குக் காற்றை அளந்து விடும் த்ராட்டில் பாடியின் கரிதான் காரணம். கிளீனர் அடித்துத் துடைத்தேன்.

முன்சீட்டின் கீழே தரைவிரிப்பு ஈரமாக இருந்தால் பதறாமல் விரலால் தொட்டுப் பாருங்கள். சுத்தமான தண்ணீர் என்றால் ஏ.சி. வடிகுழாய் அடைப்பு. பிசுபிசுத்து இனிப்பு வாடை அடித்தால் ஹீட்டர் காயிலில் கூலண்ட் கசிவு. மழைக்குப் பிறகு மட்டும் கலங்கலாக வந்தால் வைப்பருக்குக் கீழேயுள்ள வடிகால் அடைப்பு. எங்கள் வீட்டில் வண்டி வேப்பமரத்தடியில் நிற்கிறது. நிழல் கொடுக்கும் மரமே இலையும் பழமுமாகக் கொட்டி அந்த வடிகாலை அடைத்திருந்தது. மரத்தை வெட்டச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரரின் யோசனையை ஏற்கவில்லை. மாதம் ஒருமுறை தோண்டி எடுக்கிறேன்.

சஸ்பென்ஷனைச் சோதிக்க நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஓர் இலவச வசதி உண்டு. ஆடிக் காற்றில் பணகுடி தாண்டி நாகர்கோவில் சாலையில் முப்பந்தல், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஓட்டிப் பாருங்கள். காற்றாலைகளைச் சுற்றும் அந்தக் காற்று பக்கவாட்டில் தள்ளும்போது, லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கையின் மூட்டு ரப்பர்) தேய்ந்த வண்டி தடத்தில் நிற்காமல் அலையும். என் வண்டி அலைந்தது. புஷ், ஸ்டெபிலைசர் லிங்க், டை ராடு எண்ட் மாற்றி, அலைன்மென்ட் பார்த்த பிறகு அதே கணவாயில் ஒரு கையால் பிடித்துப் போக முடிந்தது. டயர்கள் வெட்டு ஆழமாக இருந்தும் மாற்றினேன். பக்கச்சுவரில் 1415 என்று இருந்தது. 2015ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்துத் தயாரிப்பு.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 140 என்று இறங்கிவிடும். செங்கோட்டை தாண்டிப் புளியரை மலைச்சாலையில் இறங்கும்போது இந்த வித்தியாசம் காலுக்குத் தெரியும். ஆயிலுடன் வீல் பக்கத்து ரப்பர் ஹோஸ்களையும் மாற்றினேன்.

இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2007இல் செய்த ரப்பர் இதை எதிர்பார்த்துச் செய்ததல்ல. என்ஜின் பக்கத்துப் பெட்ரோல் ஹோஸைத் தொட்டால் விரலில் கறுப்பு ஒட்டியது. எத்தனாலைத் தாங்கும் ஆர்9 வகை ஹோஸும் புதிய கிளிப்புகளும் போட்டேன். பெட்ரோல் வாடை வரும் பழைய வண்டியை ஏ.சி. பார்ப்பதற்கு முன்பே கவனிக்க வேண்டும். இதில் சிக்கனம் கூடாது.

செலவுக் கணக்கில் ஆர்.சி.யையும் (பதிவுச் சான்றிதழ்) சேர்த்துக்கொள்ளுங்கள். 15 வருடம் முடிந்த காருக்கு எஃப்.சி. (தகுதிச் சோதனை) பார்த்து ஐந்து வருடத்துக்குப் புதுப்பிப்பார்கள். 2022 ஏப்ரலில் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது. பசுமை வரி தனி. முந்தைய உரிமையாளர் கட்டியிருந்ததால் இந்தத் தடவை தப்பித்தேன்.

மிச்சமிருப்பது பின்பக்க இடது பவர் விண்டோ. கையால் தள்ளிக் கொடுத்தால்தான் ஏறுகிறது. பழைய உதிரிபாகச் சந்தையான சென்னை புதுப்பேட்டையிலிருந்து ஒருவர், கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டர் இருப்பதாகச் சொல்லிப் படம் அனுப்பியிருக்கிறார். படத்தில் இருப்பது வலது பக்கத்துடையது.