ஏஐ உதவியாளரை ஒரு வழிக்குக் கொண்டுவந்த கதை

புரோகிராம் கோடு எழுதும் ஏஐ உதவியாளர் தவறு செய்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எந்த நாளில் எந்த மாதிரி நடந்துகொள்ளும் என்று தெரியாததுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. ஒரு நாள் கேட்டதை மட்டும் கச்சிதமாக மாற்றி, கோடு சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்டும் எழுதிக் கொடுக்கும். இன்னொரு நாள் அதே மாதிரி வேலையைக் கொடுத்தால், சம்பந்தமில்லாத ஃபைல்களில் கை வைத்து, யாரும் கேட்காத லைப்ரரி (பிறர் எழுதிவைத்த கோடுத் தொகுப்பு) ஒன்றையும் இழுத்துப் போட்டிருக்கும்.

உதவியாளருக்குள் இருப்பது அடுத்த சொல்லை நிகழ்தகவின்படி பொறுக்கி எடுக்கும் மொழி மாடல் என்பதால் கொஞ்சம் ஊசலாட்டம் இருக்கத்தான் செய்யும். அந்த ஊசலாட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் டெம்பரேச்சர் என்ற அமைப்பை 0 ஆக்கினாலும் பதில் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக வரும் என்று உறுதி இல்லை. சர்வரில் பல கோரிக்கைகளைச் சேர்த்துக் கணக்கிடும்போது தசம எண்களைக் கூட்டும் வரிசை மாறினாலே விடை லேசாக நகரும். ஆனால் என் தொல்லைக்கு முக்கியக் காரணம் வேறு. மாடலுக்குத் தானாக எதுவும் நினைவில் நிற்பதில்லை. ஒவ்வொரு முறையும் அதுவரை பேசியதெல்லாம் திரும்ப அனுப்பப்படுகிறது, அவ்வளவுதான். புது செஷன், அதாவது புது உரையாடல், திறந்தால் பலகை காலி. திங்கட்கிழமை விளக்கிச் சொன்னதை வியாழக்கிழமை பாதிதான் சொல்லியிருப்பேன். உள்ளே போவது மாறினால் வெளியே வருவதும் மாறத்தானே செய்யும்?

அதனால் ஒவ்வொரு தடவையும் வாயால் சொன்னதை ஃபைலில் எழுதி வைத்தேன். ஏஜென்ட்ஸ்.எம்டி (AGENTS.md) என்ற பெயரில் ப்ராஜெக்டின் மேல்மட்ட ஃபோல்டரில் வைத்தால், இன்று பல கருவிகள் அதைத் தாமாகவே படித்துக்கொள்கின்றன. அந்த ஃபைல் மெல்ல மெல்ல ஊதிப் பெருத்தது. பெருக்கப் பெருக்க, நடுவில் இருக்கும் விதிகள் காற்றில் பறந்தன. நீண்ட உள்ளீட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் இருப்பதை மாடல்கள் நன்றாகப் பயன்படுத்துகின்றன, நடுவில் இருப்பதைத் தவறவிடுகின்றன என்று 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியிருந்தது. சரி என்று கத்தரிக்கோலை எடுத்தேன். ‘சுத்தமான கோடு எழுது’ போன்ற உபதேசங்கள் முதலில் போயின. கோடைப் படித்தாலே தெரிந்துவிடும் விஷயங்களும் போயின. டெஸ்ட் ஓட்டும் கட்டளை, தொடக்கூடாத டேட்டாபேஸ் டேபிள், ஏன் தொடக்கூடாது என்ற காரணம் ஆகியவை நின்றன. காரணத்தையும் சேர்த்து எழுதினால் விதி சொல்லாத இடத்திலும் ஓரளவு சரியாக நடந்துகொள்கிறது.

ஃபார்மேட், தடைசெய்த இம்போர்ட் (இழுக்கக்கூடாத லைப்ரரி) போன்றவற்றை ஃபைலிலிருந்து எடுத்து, கோடின் விதிமீறல்களைப் பிடிக்கும் லின்டருக்கும், கமிட்டுக்கு (மாற்றத்தைப் பதிவு செய்வதற்கு) முன்னால் தானாக ஓடும் ஹூக் என்ற சிறு நிரலுக்கும் மாற்றினேன். கெஞ்சிக் கேட்பதை நிறுத்தியதும் அந்தத் தகராறு ஓய்ந்தது. மீறினால் கமிட் ஆகாது, பிழைச் செய்தியைப் பார்த்து அதுவே திருத்திக்கொள்கிறது.

அப்புறம் வேலையின் வரிசை. முதலில் திட்டம் மட்டும், கோடு கூடாது. திட்டத்தை ஒரு ஃபைலில் எழுதும், ஒவ்வொரு படியும் எப்போது முடிந்ததாகக் கொள்வது என்பதோடு. நான் படித்து, வெட்ட வேண்டியதை வெட்டிய பிறகு ஒரு படி, டெஸ்ட், கமிட். அடுத்த படி. மாற்றங்களைச் சரிபார்க்கப் புது செஷன் திறக்கிறேன்; எழுதிய செஷனிடமே கேட்டால் தான் செய்ததற்கு வக்காலத்து வாங்கும்.

மிகவும் கைகொடுத்தது, வேலை எதுவரை வந்தது என்று தனியாக எழுதிவைக்கும் குறிப்பு ஃபைல்தான். உரையாடல் நீண்டால் பல கருவிகள் பழையதைச் சுருக்கிவிடும், நுணுக்கமான முடிவுகள் அதில்தான் தொலையும். அதற்கு முன்பே முடிந்தது, பாக்கி, எடுத்த முடிவு எல்லாவற்றையும் எழுதச் சொல்லிவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறேன். அதில் ‘வேண்டாம் என்று விட்டவை’ என்ற பகுதி கட்டாயம். அது இல்லையென்றால், போன வாரம் தூக்கி எறிந்த யோசனையைப் புத்தம்புதுக் கண்டுபிடிப்பு போல உற்சாகமாகக் கொண்டுவந்து நீட்டும். குறிப்பு பழசானால் வேறு ஆபத்து: இப்போது இல்லாத ஃபங்ஷனை இருப்பதாகவே நம்பிக் கோடு எழுதும். எனவே கோடு மாறும் அதே கமிட்டில் குறிப்பும் மாற வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

இத்தனைக்குப் பிறகும் ஒரே வேலைக்கு ஒரே கோடு வருவதில்லை. ஆனால் எந்த ஃபைல்களுக்குள் மாற்றம் வரும் என்று இப்போது முன்கூட்டியே சொல்ல முடிகிறது, எனக்கு அது போதும். சும்மா ஒரு யோசனையைச் சோதித்துப் பார்க்கும்போது இந்தச் சடங்கு எதுவும் கிடையாது. அங்கே அது தாறுமாறாகப் போவதுதான் எனக்கு லாபம்.

மாடல் பதிப்பு மாறும்போது மட்டும் ஏஜென்ட்ஸ்.எம்டி ஃபைலை மறுபடி பார்க்கிறேன். பழைய வேலைகள் சிலவற்றைத் திரும்பக் கொடுத்து ஒப்பிடுவேன். முன்பு காதில் விழவே ‘கண்டிப்பாக’, ‘ஒருபோதும்’ என்று அதட்ட வேண்டியிருந்தது. புதிய பதிப்பில் அதே வரிகளைக் கண்டு மிரண்டு, சின்னத் திருத்தத்துக்கும் அனுமதி கேட்டு நின்றது. அதட்டல்களை எடுத்துவிட்டுச் சாதாரணமாக எழுதியதும் சரியாகிவிட்டது.