சாம்பல் நிறக் கோடுகளைத் தாண்டி உவால்டேவுக்கு

டெக்சாஸின் சான் மார்கோஸில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தபோது, உவால்டே வரை தனியாகப் போய்வரத் திட்டம் போடச் சொன்னார் பயிற்சியாளர். காற்று, எரிபொருள் எல்லாம் கணக்குப் போட்டு அவரிடம் நீட்டினேன். அவர் பழைய விமானப்படைக்காரர். என் கணக்கை விட்டுவிட்டு, வரைபடத்தில் என் பாதையை வெட்டிப் போகும் மெல்லிய சாம்பல் நிறக் கோடுகளில் விரலை வைத்தார். "இதெல்லாம் நாளைக்கு எத்தனை மணிக்கு ஓடுது?"

அவை ராணுவப் பயிற்சித் தடங்கள். சான் அன்டோனியோவை ஒட்டி ராண்டால்ஃப் தளம், மேற்கே டெல் ரியோவில் லாஃப்லின் தளம். இரண்டிலும் டி-38 என்ற பயிற்சி ஜெட்டுகள் உண்டு. பொதுவாக 10,000 அடிக்குக் கீழே 250 நாட் வேகத்துக்கு (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) மேல் யாரும் போகக் கூடாது. தாழ்வாக, வேகமாகப் பறந்து பழக ராணுவத்துக்கு இந்தத் தடங்களில் விலக்கு.

கோட்டின் மேல் 'விஆர்' என்றிருந்தால் ராணுவ விமானியும் என்னைப் போலவே விஎஃப்ஆரில், அதாவது பார்வை விதிகளில், கண்ணால் பார்த்துத்தான் பறக்கிறார். பார்வைத் தூரம் 5 மைலாவது, மேகத்தளம் 3,000 அடியாவது இருக்க வேண்டும். அதாவது நான் பறக்க ஆசைப்படும் பளிச்சென்ற நாள்தான் அவர்களுக்கும் தோது. 'ஐஆர்' என்றால் ஐஎஃப்ஆர், அதாவது கருவிகளை நம்பிப் பறக்கும் விதிகள். வானிலை எப்படியிருந்தாலும் ஓடும். ஐஎஃப்ஆர் என்றால் தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கன்ட்ரோலர் பார்த்துக்கொள்வார் என்று எனக்கு ஒரு நிம்மதி. பயிற்சியாளர் அதைக் கலைத்தார். கன்ட்ரோலர் ஐஎஃப்ஆர் விமானத்தை இன்னொரு ஐஎஃப்ஆர் விமானத்திடமிருந்துதான் விலக்கி வைக்கிறார். அந்தக் கணக்கில் விஎஃப்ஆரில் போகும் என் சின்ன செஸ்னா விமானம் இல்லை. இரண்டு எழுத்தில் எது இருந்தாலும் நான்தான் பார்த்து ஒதுங்க வேண்டும்.

அதுவும் எவ்வளவு நேரத்தில்? எதிரே வருவதைக் கண்டு, புரிந்து, திருப்பி, விமானம் திரும்ப 12.5 நொடி ஆகும் என்கிறது அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ. ஜெட் 420 நாட், நான் 110 நாட் என்று வைத்தால் அந்த நேரத்தில் இருவரும் சேர்ந்து கிட்டத்தட்ட 2 கடல் மைலைத் தின்றுவிடுகிறோம். அவ்வளவு தூரத்தில் நேருக்கு நேர் வரும் டி-38 கண்ணாடியில் ஒட்டிய கொசு அளவுகூடத் தெரியாது.

தட எண்ணில் 4 இலக்கம் இருந்தால் அதன் எந்தப் பகுதியும் தரையிலிருந்து 1,500 அடியைத் தாண்டாது. என் வழியிலிருக்கும் மலைப்பகுதிக்கு மேல் கடல் மட்டத்திலிருந்து 6,500 அடியில் போனால் அவற்றைப் பற்றிக் கவலையில்லை. 3 இலக்கத் தடங்கள்தான் தலைவலி. எங்காவது ஒரு பகுதி 1,500 அடிக்கு மேல் ஏறும். தவிர, கோட்டை வைத்து அகலத்தை எடை போட முடியாது. உண்மைத் தடம் இருபுறமும் பல மைல் விரியலாம்.

விமானிகளுக்கு வானிலையும் வான்வழித் தகவலும் தரும் ஃப்ளைட் சர்வீஸுக்குப் போன் செய்தேன். வழக்கமான வானிலை விவரத்தோடு தடங்களின் நேரத்தைத் தானாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டால்தான் உண்டு. எந்தத் தடம், எந்த நேரம், எந்த உயரம், எவ்வளவு அகலம் என்று பிரித்துக் கேட்டேன், போனில் இருந்தவர் பொறுமையாகச் சொன்னார். நேரம் எல்லாம் ஜூலு, அதாவது யுடிசி என்ற உலகப் பொது நேரம். 15 மணி என்றால் கோடையில் இங்கே காலை 10 மணி. நான் கடக்கவிருந்த நேரத்தில் ஒரு தடம் உயிரோடிருந்தது. புறப்பாட்டைத் தள்ளிப் போட்டேன்.

லாஃப்லினைச் சுற்றியுள்ள 'மோவா' எனும் ராணுவப் பயிற்சி வான்பகுதிகளுக்குள் போகும் வேலை எனக்கில்லை. இருந்தாலும் பயிற்சியாளர் அதையும் கேட்டார். உள்ளே பயிற்சி நடக்கும்போது ஐஎஃப்ஆர் விமானத்தைக் கன்ட்ரோலர் பொதுவாகச் சுற்றி அனுப்பிவிடுவார். விஎஃப்ஆரில் போகிறவன் யாரையும் கேட்காமல் நேராக நுழையலாம்! சட்டம் தடுக்கவில்லை என்பதற்காக நுழைவது அசட்டுத்தனம் என்பது என் கட்சி.

போகும்போது போர்னி ஊருக்கு அருகே, சுற்றியுள்ள விமானங்களைக் காட்டும் ஐபேடில் ஒரே ஒரு குறி, எனக்குக் கீழே, வேகமாக. எட்டிப் பார்த்தால் ஜோடியாக இரண்டு ஜெட்டுகள். ஃபார்மேஷனில், அதாவது ஜோடியாகவோ கூட்டமாகவோ பறக்கும்போது, வழக்கமாகத் தலைவர் மட்டுமே தன் இடத்தை மற்றவர்களுக்குக் காட்டும் டிரான்ஸ்பாண்டரைப் போடுவார் என்று பயிற்சியாளர் முன்பே எச்சரித்திருந்தார். இரண்டாவதும் கண்ணில் பட்ட பிறகுதான் ஐபேடுக்குத் திரும்பினேன்.

உவால்டேயில் இறங்கியதும் மறுபடி போன். காலையில் கேட்டது சாயங்காலத்துக்குச் செல்லாது. ஒரு தடத்தின் நேரம் மாறியிருந்தது. அது முடியும்வரை ஓய்வறையில் காபி குடித்துவிட்டு, 7,500 அடியில் வீடு திரும்பினேன்.