வலது லீவரை இழுத்தாலும் நேராகவே போன டி4

பங்குனி கடைசியில்தான் டயருக்குப் பதில் இரும்புச் செயினில் ஓடுகிற எங்கள் செயின் டிராக்டர் முதன்முதலாக வலப்பக்கம் திரும்பியது. இன்ஜினைத் தை மாதமே ஓட வைத்துவிட்டோம். திருப்புவதற்குத்தான் இரண்டு மாதம் ஆகிவிட்டது.

வண்டி பேரையூர்ப் பக்கம் மாமா தோட்டத்தில் புளியமரத்தடியில் பல வருஷமாக நின்றது. கேட்டர்பில்லர் டி4, 7யூ வரிசை. 1947-லிருந்து 1959 வரை வந்த வண்டிகள் அவை. நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின், அதைச் சுழற்றிவிட இரண்டு சிலிண்டரில் ஒரு பெட்ரோல் குட்டி இன்ஜின். கரிசல் காட்டில் சீமைக்கருவேலத்தை வேரோடு பெயர்க்க ஒரு காலத்தில் ஓடிய வண்டி. இரும்புக்கடைக்குப் போகவிருந்ததை நான்தான் கெஞ்சிக் கேட்டு நிறுத்தினேன்.

ஓட்டிப் பார்த்த முதல் நாளே கோளாறு தெரிந்தது. இடது லீவரை இழுத்தால் இடப்பக்கம் அழகாகத் திரும்புகிறது. வலது லீவரை இழுத்தால் ஒன்றும் நடக்கவில்லை, நேராகவே போகிறது. லீவரோடு வலது பிரேக்கையும் மிதித்தால் இன்ஜின் திணறி அணையப் பார்க்கிறது. வலப்பக்க வரப்புக்குப் போக வேண்டுமென்றால் இடப்பக்கமாகவே முக்கால் வட்டம் சுற்றி வர வேண்டும்.

இந்த வண்டியில் ஸ்டியரிங் வளையம் கிடையாது. பின்பக்கப் பெட்டியின் நடுவில் இன்ஜின் சுழற்றுகிற கிரவுன் பல்சக்கரம், அதன் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கிளட்ச். ஒவ்வொரு கிளட்சிலும் இரும்புத் தட்டும் லைனிங் ஒட்டிய தட்டும் மாறி மாறி அடுக்கி, ஸ்பிரிங் போட்டு இறுக்கியிருக்கும். லீவரை இழுத்தால் ஸ்பிரிங் அழுத்தம் விலகி, அந்தப் பக்கச் செயினுக்கு இழுவை நிற்கும். தட்டு அடுக்குக்கு வெளியே, செயினோடு சேர்ந்து சுழலும் டிரம் இருக்கிறது; அதைச் சுற்றித்தான் பிரேக் பேண்டும் இருக்கிறது. ஆக, லீவரைத் தொடாத நேரமெல்லாம் தட்டுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டேதான் இருக்கின்றன. வண்டி பல வருஷம் மழையில் நின்றால், உள்ளே இறங்கிய ஈரத்தில் துருவேறி மொத்த அடுக்கும் ஒரே கட்டியாகிவிடும். இது ஆயில் இல்லாமல் உலர்ந்து ஓட வேண்டிய கிளட்ச் என்பதால், துருவைத் தடுக்க உள்ளே எதுவும் இல்லை.

எனக்கு இது உடனே பிடிபடவில்லை. லீவரில் நாலடி இரும்புக் குழாயை மாட்டி இழுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து ஊரில் டோசர் ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஏப்பா தம்பி, லிங்கை வளைச்சுப்புடாத. எங்க பிடிச்சிருக்குன்னு மொதல்ல மூடியைத் தொறந்து பாரு."

"கிளட்சையே வெளிய எடுத்துரவாங்கய்யா?"

"அதுக்கு என்ன அவசரம்? பாரு மொதல்ல."

அன்றைக்கு அவர் மட்டும் வராமல் இருந்திருந்தால் லீவரையும் கிளட்சையும் இணைக்கிற அந்த லிங்கை ஒடித்திருப்பேன்.

கிளட்ச் பெட்டியின் மேல்மூடியைக் கழற்றியதும் காரணம் கண்ணெதிரே இருந்தது. மூடிக்கு அடியில் பேக்கிங்கே இல்லை. அடியில் இருக்கிற டிரெயின் துளை சேறு இறுகி அடைத்திருந்தது. கம்பி விட்டுக் குத்தியதும் இரண்டு லிட்டருக்குக் குறையாமல் செங்காவித் தண்ணீர் கொட்டியது. ஒவ்வொரு ஐப்பசி மழையும் மூடி வழியே இறங்கி, வெளியேற வழியில்லாமல் அங்கேயே தேங்கியிருக்கிறது.

மாமாவை லீவரை இழுக்கச் சொல்லிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். ஸ்பிரிங் விசையில் அடுக்கை நெருக்குகிற அழுத்துத் தட்டு நன்றாகவே நகர்ந்தது. லிங்க், ஃபோர்க், பேரிங் எல்லாம் சரி. தட்டு அடுக்கு மட்டும் அசையவில்லை. நான் தேடிய விடை இதுதான். அழுத்துத் தட்டே நகராமல் இருந்திருந்தால் வேலை முற்றிலும் வேறு.

கம்பிரஷர் வைத்து ஊதிவிடலாம் என்று மாமா சொன்னார், வேண்டாம் என்று தடுத்தேன். அந்தக் காலத்து லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டோம். பழைய வண்டியில் கை வைக்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தில் தயவுசெய்து அலட்சியம் காட்டாதீர்கள்.

பிறகு ஊறல். டீசலும் பவர் ஸ்டியரிங் ஆயிலும் சரிபாதி கலந்து, தினமும் காலையில் தட்டு விளிம்புகளில் சொட்டுச் சொட்டாக விட்டேன். வலது லீவரைப் பின்னால் இழுத்துச் சீட்டோடு கயிற்றால் கட்டிவிட்டோம், ஸ்பிரிங் அழுத்தம் விலகியே இருக்கட்டும் என்று. இரண்டு நாளுக்கு ஒருமுறை வண்டியை ஓரடி நகர்த்தி, டிரம்மின் மறுபக்கம் மேலே வந்ததும் அங்கேயும் விட்டேன். பித்தளைக் கம்பியை வைத்து விளிம்பில் லேசாகத் தட்டியதில் துரு கரைந்து கறுப்பாக ஒழுகியது. ஒன்பது நாள் இதே வேலைதான். மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. கப்பலூரில் லேத் பட்டறை வைத்திருக்கிற நண்பரிடம் கொண்டுபோய்ப் பிரிக்கச் சொன்னார். ஆனால் அதற்கு டேங்க், சீட் என்று பின்பக்கம் பாதியைக் கழற்ற வேண்டும், அதைத் தூக்கச் செயின் பிளாக் வேண்டும்.

பத்தாம் நாள் வண்டியை வெறுங்காட்டுக்கு ஓட்டிப்போனோம். வரப்பு, கிணறு, ஆள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடம். வலது லீவர் கட்டியே இருக்கிறது. முதல் கியரில் மெல்ல நகர்த்தி, வலது பிரேக்கைச் சட்டென்று மிதித்து விட்டேன். இன்ஜின் முனகியது. ரிவர்ஸ், மறுபடி மிதி. முன்னால், பின்னால், முன்னால். ஒரு பக்க டிரம்மைப் பிரேக் பிடிக்க, இன்ஜின் உள்ளிருந்து சுழற்ற, நடுவில் அகப்பட்ட துருதான் அறுபட வேண்டும். இருபது தடவைக்கு மேல் ஆகியிருக்கும். ரிவர்ஸில் வரும்போது சீட்டுக்கு அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். அடுத்து முன்கியர் போட்டு மிதித்ததும் வண்டி அப்படியே வலப்பக்கம் சுழன்றது. வெயிலையும் பார்க்காமல் மாமா ஓடி வந்தார். நான் இன்னும் இரண்டு வட்டம், வலப்பக்கமாகவே போட்டேன்.

முழுசாக விடவில்லை. லீவரை இழுத்தால் பாதி இழுவை மிச்சம் இருந்தது. மறுநாள் மேல்மூடியைத் திறந்து, மதுரை திலகர் திடல் சண்டே மார்க்கெட்டில் வாங்கி வைத்திருந்த பழைய ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) ஒவ்வொரு தட்டு இடைவெளியிலும் நுழைத்துப் பார்த்தேன். இரண்டு தட்டு மட்டும் இன்னும் ஒட்டியிருந்தது. பலம் கொடுக்காமல் சுற்றிச் சுற்றி விட்டதில் அவையும் பிரிந்தன.

கழுவுவதை மறக்கக் கூடாது. ஊற வைத்த எண்ணெய் லைனிங்கில் நின்றால், ஒட்டின கிளட்ச் நழுவுகிற கிளட்சாக மாறிவிடும். டிரெயின் பிளக்கை மாட்டி, வெள்ளை மண்ணெண்ணெய் ஊற்றி, லீவரை விட்டும் பிடித்தும் முன்னும் பின்னும் ஓட்டி, சூடு ஆறுவதற்குள் வடித்தேன். மூன்று தடவை செய்த பிறகுதான் வடிந்தது தெளிவாக இருந்தது. பெட்ரோலை இதற்கு நினைத்தும் பார்க்க வேண்டாம். ஒருநாள் முழுக்க மூடியைத் திறந்து காயவிட்டு, புது பேக்கிங் வெட்டிப் போட்டு மூடினேன்.

இப்போது வண்டியை நிறுத்தும்போதெல்லாம் இரண்டு லீவரையும் பின்னால் இழுத்துக் கட்டை கொடுத்துவிடுகிறோம். "மழைக்காலத்துல வாரம் ஒருதரம் அங்கிட்டும் இங்கிட்டும் திருப்பி வை" என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். இடப்பக்கம் டிரெயின் துளையில் கியர் ஆயில் சொட்டுகிறது. கிரவுன் பெட்டி சீல் போயிருக்க வேண்டும். ஐப்பசிக்கு முன் அதைப் பார்த்தாக வேண்டும். தார்ப்பாய் மட்டும் இப்போதே வாங்கிப் போட்டுவிட்டேன்.