பட்டையோடு நிற்க வேண்டும் கத்தி

என் அப்பா கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டார் பக்கத்துத் தோட்டங்களில் பால்வெட்டுத் தொழிலாளி. விடியும் முன்பே நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ரப்பர் மரத்தில் பட்டையைச் சீவும்போது கத்தி உள்ளே இருக்கும் கட்டையைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் அந்த இடத்தில் புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. 2009-ல் டிப்ளமோ முடித்து, மார்த்தாண்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்த புதிதில், திண்ணையில் உட்கார்ந்து நெட்வொர்க் கேபிள் துண்டுகளைச் சீவிப் பழகிக்கொண்டிருந்தேன். அப்பா சற்று நேரம் நின்று பார்த்தார். “மக்களே, கத்தி ஆழமாக இறங்குகிறது. பட்டையோடு நிறுத்து” என்றார்.

இன்றுவரை இந்தத் தொழிலில் நான் பெற்ற முதல் பாடமாக அதைத்தான் வைத்திருக்கிறேன். மேலுறைக்குள் எட்டுச் செம்புக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். உறையை வெட்டும்போது ஒரு கம்பியில் கீறல் விழுந்தாலும் அன்றைக்கு நெட் வரும். மூன்று மாதம் கழித்து, யாரோ மேசையை நகர்த்தும் நாளில் நின்றுபோகும். முறுக்கையும் தேவைக்கு மேல் பிரிக்கக் கூடாது. அந்த முறுக்குதான் ஒரு ஜோடியின் சமிக்ஞை அடுத்த ஜோடியில் கலக்காமல் காக்கிறது. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு என்ற வரிசையைப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பேன்.

முதல் சம்பளம் மூவாயிரம் ரூபாய். பையைத் தூக்கிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனால், “ஆள் வரவில்லையா அம்மா?” என்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். நான்தான் வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குவேன். பழுது தீர்ந்த பிறகு யாரும் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்டதில்லை.

கடை அண்ணாச்சி ஒரு பழக்கத்தைக் கட்டாயமாக்கியிருந்தார். போய்வந்த ஒவ்வொரு இடத்துக்கும் நோட்டில் நான்கு வரி எழுத வேண்டும்: தேதி, வாடிக்கையாளர் சொன்ன வார்த்தை அப்படியே, நான் கண்ணால் பார்த்தது, நான் செய்தது. “நெட் வரவில்லை” என்ற ஒரே புகாருக்குக் கீழே எத்தனை வகைக் காரணங்கள்! எலி கடித்த கேபிள், தேதி தவறிப்போன கணினி, கட்டாத பில், கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும், தண்ணீர் சொட்டிய ஸ்விட்ச் பெட்டி. அந்த நோட்டுகள் பதினொன்று என்னிடம் இருக்கின்றன.

அதில் நான் அடிக்கடி புரட்டும் பக்கம் தக்கலையில் ஓர் அலுவலகம். இருபத்திரண்டு கணினிகள். காலை பத்து மணிக்கு மேல் சிலவற்றில் நெட் போகும். மாலை ஐந்தரைக்கு மேல் எல்லாம் சரியாகிவிடும். எனக்கு முன் வந்தவர்கள் ஆறு கணினிகளை ஃபார்மட் செய்துவிட்டுப் போயிருந்தார்கள். ஓடாத கணினியையும் ஓடுகிற கணினியையும் பக்கத்தில் வைத்து, வலைப்பின்னலில் ஒவ்வொரு கணினிக்கும் கொடுக்கப்படும் எண்ணான ஐபி முகவரியை ஒப்பிட்டேன். ஓடுவதில் 192.168.1 என்று தொடங்கியது, ஓடாததில் 192.168.0. அப்படியானால் அந்தக் கட்டடத்தில் முகவரி வழங்குவது ஒருவரல்ல, இருவர். கணினியை இயக்கியதும் அது வலைப்பின்னல் முழுவதும் கேட்கும்படி ‘எனக்கு முகவரி வேண்டும்’ என்று கேட்கிறது. பொதுவாக முதலில் பதில் சொல்பவரை நம்பிவிடுகிறது. இதற்குத்தான் டிஹெச்சிபி என்று பெயர். அந்த இரண்டாவது ஆள் யார்? கருவியைச் செய்யும்போதே அதில் பதிக்கும் அடையாள எண்ணான மேக் முகவரியை எடுத்தேன். முதல் ஆறு எழுத்துகள் எந்த நிறுவனம் செய்த கருவி என்று காட்டிக்கொடுத்தன. அறை அறையாக நடந்தேன். கணக்கரின் மேசைக்கு அடியில், வீட்டில் பயன்படுத்தும் சிறிய வைஃபை பெட்டி ஒன்று சுவர் இணைப்பில் மாட்டப்பட்டிருந்தது. கைபேசிக்காகப் பத்து மணிக்கு வந்ததும் போடுவார், போகும்போது அணைப்பார். அதில் முகவரி வழங்கும் வேலையை மட்டும் நிறுத்திவிட்டு, பெட்டியை அவரிடமே விட்டேன். அவருக்கும் வைஃபை கிடைத்தது, அலுவலகமும் ஓடியது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. இந்த வேலையில் என் வாழ்நாளைச் செலவிடலாம் என்று தோன்றியது அன்றுதான்.

அடுத்து சிஸ்கோ நிறுவனம் நடத்தும் வலைப்பின்னல் சான்றிதழ்த் தேர்வான சிசிஎன்ஏவுக்குப் படித்தேன். அதற்குள் திருவனந்தபுரத்தில் கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வலைப்பின்னலைக் கண்காணிக்கும் வேலை கிடைத்திருந்தது. குழித்துறையில் ரயில் ஏறி உட்கார்ந்ததும் சப்நெட் கணக்கு, அதாவது ஒரு முகவரித் தொகுதியைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் கணக்கு. 192.168.10.0 என்பதை நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 64 முகவரிகள். முதலும் கடைசியும் போக 62 பயன்படும். பாறசாலை வருவதற்குள் மூன்று கணக்கு, நெய்யாற்றின்கரைக்குள் பத்து என்று எனக்கு நானே அளவு வைத்திருந்தேன். தேர்வில் தேறினேன், சம்பளம் உயர்ந்தது. சான்றிதழைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நான் கையால் செய்து பழகியவற்றுக்குப் பெயரும் ஒழுங்கும் கொடுத்தது அதுதான். ஆனால் திரையில் சிவப்பாக மாறும் ஒரு புள்ளியைப் பார்த்ததும் அந்தக் கேபிளும் அது போகும் சுவரும் என் மனக்கண்ணில் வந்தன என்றால், அது மார்த்தாண்டம் கடையின் கொடை.

2016-ல் ஊருக்கே திரும்பி, சொந்தமாகப் பராமரிப்பு ஒப்பந்தங்கள் எடுக்கத் தொடங்கினேன். நம் மாவட்டத்தில் இந்தத் தொழிலுக்கென்று இரண்டு எதிரிகள் உண்டு: ஐப்பசி இடியும் கடல் உப்பும்.

இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செம்புக் கேபிளை இழுத்திருப்பார்கள். மின்னல் அதன்மேல் விழ வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் விழுந்தாலே அந்த நீளக் கம்பியில் மின்னழுத்தம் பாய்ந்து இரு முனையிலும் உள்ள ஸ்விட்சைக் கருக்கிவிடும். இரண்டு கட்டடங்களின் எர்த் வேறு வேறாக இருந்தால் சேதம் இன்னும் கூடும். ஒரு பள்ளியில் ஒரே பருவத்தில் மூன்று ஸ்விட்ச் போனபின் ஃபைபர் போட்டேன். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. அதிலும் உலோகக் கவசமோ இரும்புக் கம்பியோ இல்லாத வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். இல்லையென்றால் முன்வாசலை அடைத்துவிட்டுக் கொல்லையைத் திறந்து வைத்ததாகிவிடும். அதன்பின் அந்தப் பள்ளியில் இடிக்குப் பயந்து யாரும் என்னை அழைத்ததில்லை.

2017 நவம்பர் 30-ஐ இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். ஒக்கிப் புயலில் அப்பா ஆண்டுக்கணக்கில் வெட்டிய மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. கடலுக்குப் போனவர்களுக்காகக் கரையில் காத்திருந்த குடும்பங்களை நினைத்தால், கணினியைப் பற்றிப் பேசவே மனம் கூசுகிறது. எங்கள் பகுதியில் பல நாள் மின்சாரம் இல்லை. கூரை பெயர்ந்த ஓர் அலுவலகத்தில் கணினியும், அதன் தகவல்களை நகலெடுத்து வைத்திருந்த வட்டும் ஒரே மேசையில் நனைந்திருந்தன. அன்றிலிருந்து, ஒரு நகலாவது கட்டடத்துக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுகிறேன்.

எந்தக் கோர்ஸ் படிக்கலாம் அக்கா என்று கேட்டு வரும் தம்பி தங்கைகளிடம், முதல் ஓராண்டு பழுது பார்க்கும் கடையில் நில்லுங்கள் என்கிறேன். பலருக்கு அது பிடிப்பதில்லை. ஆனாலும் வேறு பதில் என்னிடம் இல்லை.

குளச்சலிலிருந்து ஒரு பெண் ஏழு மாதமாக என்னுடன் வேலை பழகுகிறாள். போன வாரம் கடற்கரையோரம் ஒரு கட்டடத்துக்குக் கேமரா போட, வாடிக்கையாளரே விலை குறைவென்று ஒரு கேபிள் கட்டு வாங்கி வைத்திருந்தார். நான் ஏணியில் இருந்தேன். அவள் ஒரு கம்பியைக் கத்தியால் மெதுவாகச் சுரண்டினாள். செம்பு நிறத்துக்கு அடியில் வெள்ளையாக அலுமினியம் தெரிந்தது. கேமராவுக்கு மின்சாரமும் அதே கம்பியில்தான் போக வேண்டும். அலுமினியத்தில் அது வழியிலேயே குறையும், உப்புக் காற்றில் முனைகளும் சீக்கிரம் அரிக்கும். “சார், இதை மாற்றி வாங்கித் தாருங்கள், நாளைக்கு வருகிறோம்” என்று அவளே சொல்லிவிட்டு, கருவிகளைப் பையில் எடுத்து வைத்தாள். நான் ஏணியிலிருந்து இறங்கினேன். பஸ்ஸில் ஏறியதும் நோட்டை வாங்கி, அன்றைய நான்கு வரிகளையும் அவளே எழுதினாள்.